உள்ளே இருப்பவர்கள் உள்ளே வரும் வழி

திங்கட்கிழமை மாலை
அலுவலகத்தில் என் மேசையிலிருந்து

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

உன் சின்னவள் வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ஒரு கேள்வி. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு சில வாரங்களாக அலுவலகத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம். நீ கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் விடையே இல்லாத கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பு மொத்தமும் விழிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாயாமே, அந்த வகுப்பின் கடைசி பெஞ்சு முகம்தான் இப்போது எனக்கு. ஒரே வித்தியாசம், அந்தப் பெண்ணுக்கு மணி அடித்தால் விடுதலை.

இங்கே நானும் இவரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பது பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கும் கேள்வி அல்ல. ஆகவே, கல் இரண்டு நாளாக அடக்கமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். வியாழக்கிழமை அதை எடுக்கப்போகிற டாக்டர் முந்தின இரவு நன்றாகத் தூங்கி, வீட்டில் யாரோடும் சண்டை போடாமல், கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று விரும்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ‘ஆனா’ என்று ஆரம்பித்ததுமே நீ ‘சரி விடுடி, நான் பாத்துக்கறேன்’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மிஞ்சிப்போனால் நீ கண்ணாடியைக் கழற்றலாம். நாளை கூரியரில் கொடுத்தால் புதன்கிழமை உன் கையில் இருக்கும்.

அந்த ‘ஆனா’ இதுதான். புதன்கிழமை வந்துவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் உன்னோடு தங்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற முடியுமா என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியாது. கூட ஓர் ஆள் கட்டாயம் தங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உன் பிள்ளையோ கடல் தாண்டி இருக்கிறான். நான் வராவிட்டால் உன் மாடி வீட்டுக்காரி வருவாள். நல்ல மனுஷி, உதவி என்றால் ஓடி வருவாள், வந்ததும் தன் பிரசவங்களை ஒவ்வொன்றாக, வலி எடுத்த நேரம் முதல் சொல்ல ஆரம்பிப்பாள். ‘அவ பேச ஆரம்பிச்சா மயக்க மருந்தே வேணாம்டி’ என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது உன் எதிரில் அவள் முகம் இருப்பதையும், நான் இங்கே ஒரு சுரங்கப்பாதையின் வாசலில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பதையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுரங்கப்பாதை என்றது விளையாட்டுக்கு அல்ல. வி.பி.என். என்பது அதுதான். இணையம் என்பது பொதுத் தெரு, யார் வேண்டுமானாலும் போகலாம், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். அந்தத் தெருவுக்கு அடியில் எங்கள் அலுவலகத்துக்கென்று தனியாக ஒரு பாதை தோண்டி வைப்பது என் வேலை. வெளியூரில் இருக்கும் எங்கள் ஆள், கடவுச்சொல்லைச் சொல்லி, போனில் வரும் எண்ணையும் சொல்லி அதில் இறங்கினால், நேரே எங்கள் சர்வரின் முன்னால் வந்து ஏறலாம். எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி என்பது உனக்குத் தெரியும். ஊரெல்லாம் சுற்றும் மெக்கானிக்குகள் எந்த உதிரிபாகம் கையிருப்பில் இருக்கிறது என்று பார்க்க இந்தப் பாதை வெகுகாலமாக இருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். ஆடிட்டர் ஒருவர் வந்தார். மெக்கானிக்குகளைத்தான் சோதிக்கிறீர்கள், அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களை யார் சோதிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி எங்கள் பொது மேலாளரிடம் தங்கிவிட்டது. அவரை அவர் இல்லாதபோது நாங்கள் ‘அவசரம்’ என்று சொல்வோம். அவர் அனுப்பும் எல்லா மின்னஞ்சலுக்கும் தலைப்பு அதுதான். கேன்டீனில் கரண்டிகள் குறைகின்றன என்ற செய்திக்கும் அதே தலைப்பு.

“இனிமே உள்ள இருக்கிறவங்களும் வி.பி.என். வழியாத்தான் சர்வருக்குப் போகணும் மேடம்.”

“அவங்க ஏற்கெனவே உள்ளதான சார் இருக்காங்க?”

“உள்ள இருக்காங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“நான் உங்க எதிர்ல உக்காந்திருக்கேனே சார்.”

“அது எனக்குத் தெரியுது. சர்வருக்குத் தெரியுமா?”

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால் அவர் சொன்னது சரி. சுவருக்குள் உட்கார்ந்திருப்பதால் மட்டும் ஒருவர் நம்மவர் ஆகிவிடுவதில்லை. யார் வேண்டுமானாலும் வரவேற்பறையில் உட்கார்ந்து சுவரில் இருக்கும் துளையில் ஒரு வயரைச் செருகலாம். நான் எதையும் எளிதில் நம்பாதவள், அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். என்னைவிட அதிகமாக ஒருவர் சந்தேகப்படுவது இதுதான் முதல்முறை. சரி என்று தலையாட்டினேன். தலையை ஆட்டிய கையோடு உன் ஆபரேஷனைச் சொல்லி லீவு கேட்டேன்.

“லீவு எதுக்கு மேடம்? அதான் வி.பி.என். இருக்கே. ஆஸ்பத்திரில வைஃபை இருக்குமில்ல?”

“அக்காவைப் பாத்துக்கணும் சார்.”

“பாத்துக்குங்க. ஒரு கண்ணு அக்கா மேல, ஒரு கண்ணு லேப்டாப் மேல. எல்லாரும் நல்லபடியா கனெக்ட் ஆகட்டும், நீங்க தாராளமாப் போலாம். ஆகலன்னா எப்படிப் போவீங்க, நீங்களே சொல்லுங்க.”

புரிகிறதா? சுரங்கம் வேலை செய்யாவிட்டால் நான் ஊருக்கு வர முடியாது. வேலை செய்தால் வரலாம், ஆனால் அதே சுரங்கத்தின் வழியாக அலுவலகம் என் பின்னாலேயே வந்து உன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்ளும். என் பிரிவில் நான் ஒருத்திதான், இன்னொருவர் தலையில் கட்டவும் வழியில்லை. நன்றாகச் செய்தாலும் தண்டனை, செய்யாவிட்டாலும் தண்டனை. இருந்தும் நன்றாகச் செய்யத்தான் பார்த்தேன். பழக்கதோஷம்.

முதல் வெள்ளோட்டத்தைச் சொல்கிறேன். காலையில் எல்லோரும் தத்தம் மேசையில் உட்கார்ந்து வி.பி.என்.னைத் தட்டினார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சுரங்கத்தின் வாசல் தெருப்பக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினி அந்த வாசலைத் தேடி, கட்டடத்தைவிட்டு வெளியே போய், திரும்பி வந்து நம் கதவையே தட்டுகிறது. கதவில் இருக்கும் காவல்காரனான ஃபயர்வால், ‘நம்ம வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டு தெருவிலிருந்து ஒருவன் வருகிறான், இவன் திருடன்’ என்று துரத்திவிடுகிறது. அதை அப்படிப் பழக்கியதும் நான்தான். நான் திரையை வெறித்துக்கொண்டிருக்கும்போது உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அம்மாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

“மேடம், எனக்குக் கெடச்சிருச்சு!”

“எங்க இருக்கீங்க?”

“மாடிப்படில. போன் நெட்டைப் போட்டேன், டக்குனு உள்ள விட்டுருச்சு.”

விட்டுவிடும்தான். போனின் இணையம் கம்பெனியுடையது அல்ல, ஆகவே அவர் சட்டப்படி வெளியாள். அறைக்குள் போனில் குறுஞ்செய்தி வரும், நெட் கிடைக்காது, அது படிக்கட்டில் மட்டும்தான் கிடைக்கும். அரை மணி நேரத்துக்குள் கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு, டெஸ்பாட்ச் எல்லாம் மடியில் லேப்டாப்போடு படிக்கு ஒருவராகக் குடியேறிவிட்டார்கள். தலைமைக் கணக்கர் தண்ணீர் பாட்டில், தலையணை சகிதம் வந்து மேல்படியைப் பிடித்துக்கொண்டார். “உள்ள வர்றதுக்காக வெளிய வந்திருக்கேன் மேடம். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இப்படி ஒண்ணு பாத்ததில்ல” என்றார், குறையாக இல்லை, ஏதோ சுற்றுலா வந்தவர்போல. அப்போது பார்த்து அவசரம் படியேறி வந்தார். லிஃப்ட் கம்பெனியின் லிஃப்ட் பழுது. மெக்கானிக்குகள் எல்லோரும் வெளி வேலையில் இருக்கிறார்கள்.

“என்ன இது? ஸ்ட்ரைக்கா?”

“ஸ்ட்ரைக்குன்னா வேலை செய்ய மாட்டோமே சார்” என்றார் ஸ்டோர் அம்மா. “இங்க வந்து உக்காந்ததே வேலை செய்யத்தான். காலைப் பாத்து வைங்க, சார்ஜர் வயர் கெடக்கு.”

அவர் தன் மொத்த அலுவலகத்தையும் ஒவ்வொருவராகத் தாண்டி மேலே வந்தார். என் மேசைக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சை விடுவதற்குள் நான் சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்தும்விட்டேன். உள்ளே இருப்பவர்கள் வாசலைக் கேட்டால் உள்பக்கத்து வாசலின் முகவரியைக் கொடு, வெளியே இருப்பவர்கள் கேட்டால் தெருப்பக்கத்து முகவரியைக் கொடு என்று ஏற்பாடு. சுரங்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வாசல். இதை எழுதும்போதுதான் இது எவ்வளவு அசட்டுத்தனமாகத் தெரிகிறது என்று உறைக்கிறது.

அடுத்த வெள்ளோட்டத்தில் எல்லோரும் மேசையிலிருந்தே இறங்கினார்கள். இறங்கியதும் பிரின்டர்கள் மறைந்துவிட்டன. சுரங்கத்துக்குள் போன கணினிக்குச் சுரங்கத்தில் உள்ளது மட்டும்தான் தெரியும், பக்கத்து மேசையில் உள்ளது தெரியாது. “கையை நீட்டினாத் தொடுற தூரத்துல இருக்கு மேடம், அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்குது” என்று தலைமைக் கணக்கர் பிரின்டரைத் தட்டித் தட்டிக் காட்டினார், நான் நம்ப மாட்டேன் என்பதுபோல. பிரின்டர்களுக்குத் தனி வழி விட்டேன். அதற்குள் போனில் வரும் எண்ணால் இன்னொரு கூத்து. எங்கள் ஹாலில் எல்லோருடைய போனும் ஜன்னலோரம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் சார்ஜ் ஆகும். வேறு மேசைகளில் பிளக் இல்லை. ஆளுக்கு ஆள் ரகசிய எண் வருகிறது, வந்த வேகத்தில் காலாவதி ஆகிறது, எழுந்து ஓட நேரமில்லை. ஜன்னல் பக்கம் உட்காரும் டெஸ்பாட்ச்காரர் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

“கணக்கர் சார், உங்களுக்கு நாலு, ஒம்போது, ஒண்ணு...”

“மெதுவாச் சொல்லுப்பா!”

“மெதுவாச் சொன்னா செத்துரும் சார்! ஸ்டோர் அம்மா, உங்களுக்கு ஏழுல ஆரம்பிக்குது, எழுதிக்குங்க!”

ரகசிய எண்களை ஏலம் போடுவதுபோல ஹால் முழுக்கக் கூவிக்கொண்டிருக்கிறார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், இப்படிக் கத்தக் கூடாது, இதற்காகத்தானே இத்தனை பாடு என்றேன். “நம்ம ஆளுங்கதான மேடம் இருக்கோம்” என்றார் டெஸ்பாட்ச்காரர். அக்கா, ஆடிட்டர் கேட்ட கேள்வியே அதுதான். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மேசைக்கு ஒரு பிளக் போட ஆள் கூப்பிட்டேன்.

உள்ளே ஒருவழியாக அடங்கியதும் வெளியே ஆரம்பித்தது. மீசை மெக்கானிக் என்று எங்களிடம் ஒருவர் உண்டு. பழுது பார்ப்பதில் சூரர், போனில் எல்லோரையும் எழுப்புகிற குரலில் பேசுவார். வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

“மேடம், கதவு ரப்பர் இருக்கான்னு சர்வர்ல தேடினா எங்க வீட்டு டி.வி. பேரு வருது.”

அலுவலகத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உள் எண் உண்டு. வீடுகளிலும் உண்டு. எங்கள் சர்வரின் எண்ணும் அவர் வீட்டுக்குப் புதிதாக வந்த டி.வி.யின் எண்ணும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவர் லேப்டாப் எதற்கு அவ்வளவு தூரம் சுரங்கத்தில் நடக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த டி.வி.யிடம் போய்க் கதவு ரப்பர் கேட்டிருக்கிறது.

“டி.வி.யை அணைச்சா சர்வர் வந்துருமா மேடம்?”

“வராது.”

“நல்லவேளை. மாமியார் பாத்துட்டிருக்காங்க.”

யார் வீட்டிலும் இருக்க வாய்ப்பில்லாத ஓர் எண்ணாகத் தேடிப் பிடித்துச் சர்வருக்குக் கொடுத்து, சர்வர் குடிமாறிய விஷயத்தை ஒவ்வொரு கணினியிடமும் தனித்தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் சனி, ஞாயிறு போயின. நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது ‘வேலையா இருக்கேன்’ என்று வெடுக்கென்று சொன்னேனே, அது உன்மேல் உள்ள கோபமல்ல. அந்தச் சமயத்தில் மேசைக்கு அடியில் இருந்தேன்.

இன்று காலை கடைசி உத்தரவு வந்தது, தலைப்பு உனக்கே தெரியும். படிக்கட்டில் இனி ஒருவரும் உட்காரக் கூடாது, அதற்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று. ஆட்களை உட்காராமல் செய்ய எனக்குத் தெரியாது, இணைப்புக் கிடைக்காமல் செய்யத் தெரியும். ஆகவே இரண்டு குழுக்கள் போட்டேன். உள்ளாட்கள் அலுவலகத்துக்குள்ளிருந்து மட்டும்தான் சுரங்கத்தில் இறங்கலாம், வெளியாட்கள் வெளியேயிருந்து மட்டும். அலுவலகத்தின் இருக்கைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, மேசை உள்ளவர்களை எல்லாம் ஒன்று விடாமல் உள்ளாட்களில் சேர்த்தேன், வேனில் போகிறவர்களை வெளியாட்களில். யாரும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அவசரம் வந்து பின்னால் நின்று பார்த்தார். ஆடிட்டருக்குப் போனில் படித்துக் காட்டினார். ஆடிட்டருக்கும் திருப்தி.

“இத்தோட சீல் வச்ச மாதிரி மேடம். இனிமே இதுல ஒரு புள்ளி மாத்தணும்னாலும் ஆடிட்டர் எழுத்துல சரின்னு சொல்லணும். நானே வந்து கேட்டாலும் மாத்தாதீங்க.”

“சரி சார்.”

“நான் கத்தினாலும்.”

“சரி சார்.”

நாளை காலை எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கப்போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை பேரை ஒரே நேரத்தில் வாசல் தாங்குமா என்று பயம். தலைமைக் கணக்கர் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டுப் போட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொள்வாரோ என்று பயம். டெஸ்பாட்ச்காரர் புது பிளக்குகளை மதிக்காமல் பழைய பாசத்தில் கூவ ஆரம்பிப்பாரோ என்று பயம். இதில் எதுவும் நடக்காமல் எல்லாம் சரியாக நடந்துவிட்டால் அதைவிடப் பயம், ஏனென்றால் எல்லாம் சரியாக நடக்கும் இடத்தில் நான் கவனிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். இவரிடம் சொன்னால் ‘நீ ஏன் எப்பவும் கெட்டதையே நெனக்கிற’ என்கிறார். நல்லதை நினைக்க எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்றேன்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. மாடி வீட்டுக்காரியிடம் இன்றே சொல்லி வை. அவள் வந்தால் கல் எவ்வளவு பெரியது என்று அவளை டாக்டரிடம் கேட்கவிடாதே, அவளுக்குத் தெரிந்த பெரிய கற்களின் வரலாறு அங்கேயே ஆரம்பிக்கும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் உனக்கு ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்ததை நீயே சொல்லு. ‘அது எப்பவோ நடந்தது’ என்று விட்டுவிடாதே. கையெழுத்துப் போடும் இடங்களில் படித்துவிட்டுப் போடு. பக்கத்தில் மணி இருக்கிறதா, அடித்தால் நர்ஸ் வருகிறாரா என்று முன்பே ஒருமுறை அடித்துப் பார். சிரிப்பார்கள், பரவாயில்லை. எதையும் உபயோகிக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில். நான் வந்தாலும் மடியில் லேப்டாப்போடு வரும் அரை மனுஷியாகத்தான் வருவேன். நீ தண்ணீர் கேட்கும்போது நான் அவசரத்தோடு பேசிக்கொண்டிருப்பேன். அதற்கு மாடி வீட்டுக்காரியே மேல் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் சொல்லாதே.

இந்தக் கடிதத்தில் வி.பி.என். பற்றி நிறையவும் உன்னைப் பற்றிக் கொஞ்சமாகவும் எழுதியிருக்கிறேன். வி.பி.என். பழுதானால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும். இவர் உன் காலில் விழுந்து வணங்கச் சொன்னார், கல்லைக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் தூக்கிப் போடாமல் வைத்திருக்கவும் சொன்னார், பார்க்க வேண்டுமாம். வர முடியாமல் போனால் மன்னித்துக்கொள், வந்தாலும் மன்னித்துக்கொள்.

என்றும் உன்,
சின்னவள்

பி.கு. (செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டிலிருந்து)

மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கடிதத்தை இன்னும் கூரியரில் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

காலையில் எல்லோரும் மேசைக்கு வந்தார்கள், தட்டினார்கள், இறங்கினார்கள். ஒருவர் பாக்கியில்லை. பிரின்டர்கள் தெரிந்தன. மீசை மெக்கானிக் வீட்டில் டி.வி.யும் ஓடியது, சர்வரும் கிடைத்தது. தலைமைக் கணக்கருக்கு முதல் தடவையிலேயே கடவுச்சொல் சரியாக விழுந்து, அவரே நம்பாமல் வெளியே வந்து இன்னொரு முறை போனார். படிக்கட்டு காலி. அவசரம் அதில் தடையில்லாமல் ஏறி வந்து, “போய்ட்டு வாங்க மேடம், லேப்டாப் பத்திரம், தினமும் காலைல மீட்டிங்” என்றார். என் மனம் மட்டும், எங்கே தப்பு, எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினேன். கட்டும் முன் லேப்டாப்பை ஒருமுறை சோதித்துவிடலாம் என்று வி.பி.என்.னைத் தட்டினேன். ‘இந்தப் பயனர் வெளியிலிருந்து இணைய அனுமதி இல்லை’ என்றது. மறுபடி தட்டினேன். அதையே சொன்னது. அதற்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். எனக்கும் ஒரு மேசை இருக்கிறதல்லவா. இருக்கைப் படத்தில் மூலை மேசை. அது இருக்கும்வரை நான் உள்ளாள்.

மூன்றாம் முறை தட்டப்போகும்போது போன் அடித்தது. அவசரம்.

“மேடம், எனக்கு வீட்டுலேர்ந்து கனெக்ட் ஆக மாட்டேங்குதே?”

“ஆகாது சார். உங்களுக்கும் மேசை இருக்கு.”

விளக்கினேன்.

“அப்ப காலைல வந்து மாத்திக் குடுத்துட்டு ஊருக்குப் போங்க.”

“ஆடிட்டர் எழுத்துல சரின்னு சொல்லணும் சார். நீங்களே கேட்டாலும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“இப்ப நான்தான கேக்கறேன்!”

“கத்தினாலும் மாத்தக் கூடாதுன்னும் சொல்லியிருக்கீங்க சார்.”

ஆடிட்டரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. ஆடிட்டர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருகிறார். மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்களேன் என்றேன், உண்மையாகவே உதவும் எண்ணத்தில்.

“அனுப்ப முடியலையாம் மேடம். அவங்க ஆபீஸ் மெயிலுக்கு வெளிலேர்ந்து போகணும்னா வி.பி.என். வேணுமாம். அவருக்கு அது கனெக்ட் ஆகலையாம்.”

சிரிப்பு அவருக்குக் கேட்காமல் இருக்கப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “இன்னிக்காவது அந்தப் பெட்டிய மூடிட்டு வந்து சாப்பிடுங்களேன்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி மேடம், அக்காவைப் பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டார். அவரிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை, லேப்டாப் என்ற சொல் இல்லாமல், நான் கேட்டதில்லை.

“வேணும்னேதான பண்ணின?” என்று இவர் கேட்டார். இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் எங்காவது ஓர் ஓட்டை விட்டிருப்பேன். “அக்காகிட்டயாவது நெஜத்தச் சொல்லு” என்றார். இதுதான் நிஜம், நீயும் நம்ப மாட்டாய்.

லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நாளை முதல் பேருந்தில் வருகிறேன், இந்தக் கடிதம் என் கைப்பையில் இருக்கும். மாடி வீட்டுக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு, கோபித்துக்கொண்டால் அடுத்த ஆபரேஷனுக்கு அவள்தான் என்று சொல்லு. உன் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது.

எழுதி முடிக்கும் முன் வழக்கம்போல மின்னஞ்சலைப் பார்க்கப் போனேன், அதுவும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சர்வரில்தான் இருக்கிறது, பார்க்க முடியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்டோர் அம்மா போனில் சொன்னார், ஒருவருக்கும் வீட்டிலிருந்து கிடைக்கவில்லையாம், தலைமைக் கணக்கர் பேரனோடு மொட்டை மாடியில் பட்டம் விடுகிறாராம். இன்று மாலை யாருக்கும் ஓர் ‘அவசரம்’கூட வரவில்லை. நடந்தது இவ்வளவுதான், அக்கா. காலையில் எல்லோரும் உள்ளே போனோம். மாலையில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.